இரண்டாவது வால்வு எப்போது விழிக்கும்?



என் சிறு வயதில் எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. மரப்பெட்டி, முன்புறம் மஞ்சள் விளக்கு எரியும். மாலையில் அதைப் போட்டால், பாட்டுக் கேட்க நாங்கள் வந்து உட்காருவதற்கு முன்பே வீட்டுப் பூனை வந்துவிடும். பெட்டியின் மேல் ஏறிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். அதற்குப் பாட்டில் நாட்டம் ஒன்றும் இல்லை. மேற்பலகை இதமாகச் சுடும், அதுதான் காரணம். காசு கொடுத்து வாங்கிய மின்சாரத்தில் பாட்டாக மாறியது கொஞ்சம். பூனை குளிர்காய உதவியது மிகுதி.

இன்று வால்வு ரேடியோ இல்லை. ஆனால் சூடு போய்விட்டதா? கோபுரம் தொலைவில் இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு கைபேசியில் பத்து நிமிடம் படத்தோடு பேசிப் பாருங்கள். கைபேசியின் முதுகு சுடும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு அதன் கணிப்புச் சில்லுக்கும் திரைக்கும் உரியது. இன்னொரு பங்கு, உங்கள் குரலைச் சுமந்த வானொலி அலையைக் கோபுரம் வரை தள்ளிவிடும் சிறு பெருக்கியினுடையது. கோபுரம் எட்ட இருந்தால் பெருக்கி கூடுதலாக உழைக்க வேண்டும். மின்கலமும் விரைவில் தீரும்.

வானொலிப் பெருக்கி ஏன் இவ்வளவு மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கிறது? அதைத் தடுக்க வழி உண்டா? இக்கேள்விகளுக்கு ஓர் அழகான விடையை 1936-ஆம் ஆண்டிலேயே ஒருவர் கண்டுபிடித்தார். சில பத்தாண்டுகளுக்குப் பிறகு அது பெரும்பாலும் ஒதுக்கி வைக்கப்பட்டது. பின்னர் கைபேசிக் கோபுரங்களுக்காகத் தூசி தட்டி எடுக்கப்பட்டது. அந்தக் கதையைப் பார்ப்போமா?

பெருக்கி எதைப் பெருக்குகிறது?

'பெருக்கி' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுப் பெயர்தான். சிறிய அலையை உள்ளே விட்டால் அதுவே பருத்துப் பெரிய அலையாக வெளிவருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியன்று. ஏரி மதகை எண்ணிப் பாருங்கள். மதகின் திருகை ஒரு சிறுவன் திருப்புகிறான். அவன் கையில் உள்ள ஆற்றல் அற்பம். ஆனால் அவன் திருப்புவதற்கேற்ப ஏரி நீர் பெருகியும் குறைந்தும் பாய்கிறது. பாயும் நீர் சிறுவனுடையதன்று, ஏரியுடையது.

பெருக்கியும் ஒரு மதகுதான். மின்வழங்கியிலிருந்து வரும் மாறாத மின்னோட்டம் ஏரி நீர். உள்ளே வரும் சிறு அலை, திருகைத் திருப்பும் சிறுவன். மதகாக இருப்பது அந்நாளில் வால்வு, இந்நாளில் டிரான்சிஸ்டர். வழங்கி கொடுக்கும் திறனில் ஒரு பகுதி அலையாக ஆன்டெனாவுக்குப் போகிறது. மீதி மதகிலேயே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. நூறு வாட் வாங்கிக்கொண்டு நாற்பது வாட் அலையாகக் கொடுத்தால் பயனுறுதிறன் 40 விழுக்காடு. அறுபது வாட் வெப்பம்.

இந்த வெப்பம் எப்போது கூடுகிறது என்பதுதான் முக்கியம். மின்வழங்கி 40 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனாவுக்கு 40 வோல்ட் வரை வீச்சுள்ள அலை வேண்டும் என்றால், கிடைத்த மின்னழுத்தம் ஏறக்குறைய முழுவதும் பயன்படுகிறது. 20 வோல்ட் வீச்சே போதும் என்றால், மீதி 20 வோல்ட்டை யார் தாங்குவது? மதகுதான் தாங்கவேண்டும். அங்கே அது வெப்பமாகிறது. ஆகவே வீச்சு பாதியானால் பயனுறுதிறனும் பாதியாகிவிடுகிறது. அலையின் சாயலைக் கெடுக்காமல் பெருக்கும் வகையில், நல்ல பெருக்கிக்கே முழு வீச்சில் கணக்குப்படி கிடைக்கக்கூடியது 78 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். நடைமுறையில் 65 அளவில் நிற்கும். பாதி வீச்சில் அது 33 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

'அப்படியானால் எப்போதும் முழு வீச்சிலேயே ஓட்டிவிடலாமே!' என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ஒரே சீராக ஓடும் அலையானால் ஓட்டலாம். நம் குரல் சீரானது அன்று.

மௌனத்துக்கும் கட்டணம்

நடு அலை வானொலியில், நிலையத்திலிருந்து ஊர்தி அலை ஒன்று இடைவிடாமல் கிளம்பிக்கொண்டிருக்கும். பேச்சோ பாட்டோ அந்த அலையின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் தன் வடிவத்தை அதில் பதிக்கிறது. வீச்சுப் பண்பேற்றம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். பாடகர் உச்சத்தில் பாடும்போது வீச்சு இரு மடங்கு வரை எழும். அடுத்த கணத்தில் சுழியை நெருங்கும். இரு மடங்கு எழ இடம் வேண்டுமல்லவா? அதனால் மௌனமாக இருக்கும் நேரத்தில் பெருக்கி தன் முழு வீச்சில் பாதியில்தான் நிற்க வேண்டும்.

வீச்சு இரு மடங்கானால் திறன் நான்கு மடங்காகும். 50 கிலோவாட் வானொலி நிலையம் ஒன்றின் பெருக்கி, ஒரு கணமேனும் 200 கிலோவாட் கொடுக்கத் தயாராக இருக்கவேண்டும். அந்த உச்சக் கணங்கள் எப்போதாவதுதான் வருகின்றன. மற்ற நேரமெல்லாம் செய்தி வாசிப்பவர் மூச்சு விடுகிறார், வாத்தியக்காரர் சுருதி சேர்க்கிறார். கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பை மூட்டி, அதன்மேல் இரண்டு டம்ளர் காப்பி போடுவதற்கு ஒப்பான வேலை இது.

எவ்வளவு வீண் என்று கணக்கிடுவோம். 50 கிலோவாட் ஊர்தி அலை. பயனுறுதிறன் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கடைசிப் பெருக்கி மட்டும் வாங்கும் மின்சாரம் 150 கிலோவாட். 100 கிலோவாட் வெப்பம். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் நூற்றைப் பூட்டிய அறையில் காலை முதல் நள்ளிரவு வரை சூடாக்கி வைத்தாற்போல. அந்தப் பெரிய வால்வுகளைச் சுற்றிக் குழாயில் தண்ணீர் ஓடவிட்டுத்தான் அவற்றை உருகாமல் காத்தார்கள். தண்ணீரை ஓட்டும் பம்புக்கும் மின்சாரம் வேண்டும்.

வேறொரு வழியும் இருந்தது. கடைசிப் பெருக்கியைச் சாயல் பற்றிக் கவலைப்படாத முரட்டு வகையாக வைத்துக்கொண்டு, அதன் மின்வழங்கியையே ஒலிக்கேற்ப ஏற்றி இறக்குவது. பயனுறுதிறன் நன்றாகவே கிடைத்தது. ஆனால் 50 கிலோவாட் நிலையத்துக்கு 25 கிலோவாட் ஒலிப்பெருக்கி ஒன்றும், அதற்கு ஈடாக ஒரு பூதாகாரமான மின்மாற்றியும் தேவைப்பட்டன. ஒரு செலவைக் குறைக்க இன்னொரு செலவு.

டோஹர்ட்டியின் யோசனை

அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வில்லியம் டோஹர்ட்டி என்ற பொறியியலார் வேலை பார்த்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. 1936-இல் அவர் வெளியிட்ட யோசனையின் தொடக்கம் மிக எளியது. பெரிய வால்வு ஒன்றுக்குப் பதில் இரண்டு வால்வுகள். முதல் வால்வு மௌனத்திலும் மெல்லிய பேச்சிலும் தனியாகவே வேலை செய்யும். அதுவும் தன் முழு மின்னழுத்தத்தில், அதாவது நல்ல பயனுறுதிறனில். குரல் உயரும்போது மட்டும் இரண்டாவது வால்வு விழித்துக்கொண்டு கை கொடுக்கும். குரல் தாழ்ந்ததும் மீண்டும் உறங்கிவிடும்.

மேட்டுப் பாதையில் பாரவண்டி ஏறும்போது கூடுதலாக ஒரு சோடி மாட்டைப் பூட்டிக்கொள்வார்கள். சமவெளி வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அதே உத்தி. ஒரு வேற்றுமை உண்டு. இங்கே பூட்டுவதும் அவிழ்ப்பதும் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கவேண்டும். வண்டி ஒரு முறைகூடக் குலுங்கக் கூடாது.

இரண்டாவது வால்வை உறங்கவைப்பது கடினமன்று. அதன் கிரிட்டுக்கு எதிர் மின்னழுத்தத்தை மிகுதியாகக் கொடுத்துவிட்டால், சிறு அலைகள் அதை எழுப்பமாட்டா. வரும் அலை பாதி வீச்சைத் தாண்டினால்தான் அதில் மின்னோட்டம் தொடங்கும்.

இதுவரை கேட்டவுடன், 'இவ்வளவுதானா? இரண்டு வால்வுகளைச் சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பொறுமையாகப் பின்தொடருங்கள், கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு

ஆன்டெனாவை 10 ஓம் மின்தடை என்று கொள்வோம். முதல் வால்வு அதனுள் 2 ஆம்பியர் செலுத்துகிறது. ஓம் விதிப்படி 20 வோல்ட் தோன்றும். திறன் 20 × 2 = 40 வாட்.

இப்போது இரண்டாவது வால்வும் 2 ஆம்பியர் செலுத்துகிறது. மொத்தம் 4 ஆம்பியர்; மின்னழுத்தம் 40 வோல்ட்; திறன் 40 × 4 = 160 வாட். நான்கு மடங்கு! நமக்கு வேண்டியதும் நான்கு மடங்குதானே.

ஆனால் முதல் வால்வின் இடத்தில் நின்று பாருங்கள். அது செலுத்துவது அதே 2 ஆம்பியர். அதன் எதிரே தெரிவது 40 வோல்ட். அதற்கு ஆன்டெனா 10 ஓமாகத் தெரியவில்லை. 40-ஐ 2-ஆல் வகுத்தால் வரும் 20 ஓமாகத் தெரிகிறது. ஆன்டெனாவை யாரும் தொடவில்லை. பக்கத்தில் இன்னொருவன் தள்ளுவதால், முதலாமவனுக்குத் தடை கூடிவிட்டதுபோல் இருக்கிறது.

முதல் வால்வுக்கு இது ஒவ்வாத செய்தி. அது ஏற்கெனவே தன் மின்னழுத்தத்தின் உச்சியில் நிற்கிறது என்றல்லவா சொன்னோம்? மின்னழுத்தத்தை அது இன்னும் ஏற்ற முடியாது. திறனைக் கூட்ட அதற்கு இருக்கும் ஒரே வழி மின்னோட்டத்தைக் கூட்டுவது. அதற்குத் தடை குறையவேண்டும். இங்கோ கூடுகிறது!

கூடுவதைக் குறைவதாக மாற்றிக் காட்டும் ஒரு கருவி வேண்டும். அப்படி ஒரு கருவி வானொலிப் பொறியியலாருக்கு முன்பே பழக்கமானதுதான். கால் அலைநீளமுள்ள கம்பித் தொடர் என்பது அதன் பெயர். ஒலியியலில் கணு, எதிர்க்கணு பற்றிப் படித்திருப்பீர்கள். நிலையான அலையில் அசைவே இல்லாத கணுவிலிருந்து, அசைவு மிகுந்த எதிர்க்கணு சரியாகக் கால் அலைநீளம் தள்ளி இருக்கிறது. கம்பியில் ஓடும் மின் அலையிலும் அப்படித்தான். ஓரிடத்தில் மின்னழுத்தம் மிகுந்தும் மின்னோட்டம் குறைந்தும் இருந்தால், கால் அலைநீளம் தள்ளி மின்னோட்டம் மிகுந்தும் மின்னழுத்தம் குறைந்தும் இருக்கும். ஆகவே கம்பியின் ஒரு முனையில் மின்தடை கூடினால் மறுமுனையில் அது குறைந்ததாகத் தெரியும். இரு முனைத் தடைகளின் பெருக்குத்தொகை எப்போதும் ஒன்றே.

நம் கணக்கில் அந்தப் பெருக்குத்தொகை 400 இருக்குமாறு கம்பியைத் தேர்ந்தெடுத்து, முதல் வால்வுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே இணைப்போம். இரண்டாவது வால்வு உறங்கும்போது ஆன்டெனா முனையில் 10 ஓம். வால்வு முனையில் 40 ஓம். வால்வு 40 வோல்ட்டில் 1 ஆம்பியர் கொடுக்கிறது: 40 வாட். இரண்டாவது வால்வு முழுதும் விழித்ததும் ஆன்டெனா முனையில் 20 ஓம். வால்வு முனையிலும் 400-ஐ 20-ஆல் வகுத்து 20 ஓம். இப்போது முதல் வால்வு அதே 40 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுக்கிறது: 80 வாட். இரண்டாவது வால்வின் பங்கு 80 வாட். கூட்டிப் பாருங்கள், 160.

முதல் வால்வின் மின்னழுத்தம் மௌனத்திலும் 40 வோல்ட், உச்சத்திலும் 40 வோல்ட். ஆகவே வீண் என்பது இரு நிலையிலும் குறைவு. இடைப்பட்ட நிலையில் பயனுறுதிறன் சற்றே தாழ்ந்து மீண்டும் எழும். பெரிய இழப்பு இல்லை. உதவிக்கு வந்தவன் தானும் தள்ளுகிறான். வந்ததாலேயே முதலாமவனுக்கும் இன்னும் உழைக்க வாய்ப்பு உண்டாக்குகிறான். இதைத் தாளில் நீங்களே ஒரு முறை எழுதிப் போட்டுப் பாருங்கள். நான் முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது விடை சரியாக வந்ததை நம்பாமல் மறுபடியும் போட்டேன்.

கால் அலைநீளம் என்றால் நடு அலையில் கொஞ்ச நீளமன்று. 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். கால் பங்கு 75 மீட்டர். அவ்வளவு கம்பியை அறைக்குள் இழுத்துக் கட்ட முடியாது. கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சிறு சுற்று ஒன்று அதே வேலையைச் செய்துவிடும். அதன் வழியே போகும் அலை கால் சுழற்சி பின்தங்கிவிடுவதால், இரண்டாவது வால்வுக்குப் போகும் அலையையும் கால் சுழற்சி தாமதப்படுத்தி அனுப்ப வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஆன்டெனாவில் கை கோத்துச் சேரும்.

லூயிவில் நகரில்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற நகரம் ஒஹாயோ நதிக்கரையில் இருக்கிறது. 1937 ஜனவரியில் அந்நதி பெருவெள்ளமாகப் புரண்டபோது, இரவும் பகலும் மீட்புச் செய்திகளை ஒலிபரப்பிப் பெயர் பெற்ற டபிள்யூ.எச்.ஏ.எஸ். என்ற வானொலி நிலையம் அங்கே உண்டு. அடுத்த ஆண்டு, 1938-இல், டோஹர்ட்டி முறையில் அமைந்த முதல் 50 கிலோவாட் அலைபரப்பி அந்த நிலையத்தில்தான் இயங்கத் தொடங்கியது.

மூன்றில் ஒரு பங்காக இருந்த பயனுறுதிறன் 60 விழுக்காட்டைத் தாண்டியது. நம் பழைய கணக்கை மீண்டும் போடுவோம். 60 விழுக்காடு என்றே கொண்டால் 50 கிலோவாட்டுக்கு வாங்க வேண்டியது சுமார் 83 கிலோவாட். 150-உடன் ஒப்பிட்டால் 67 கிலோவாட் மிச்சம். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் ஒலிபரப்பினால் ஏறத்தாழ 1200 யூனிட். ஒவ்வொரு நாளும்! வெப்பம் 100-லிருந்து 33 கிலோவாட்டாகக் குறைந்ததால் குளிர்விக்கும் செலவும் குறைந்தது. 1937-இல் டோஹர்ட்டிக்கு அமெரிக்க வானொலிப் பொறியியலார் கழகத்தின் லீப்மன் பரிசு கிடைத்தது. 1940-க்குள் குறைந்தது 35 வானொலி நிலையங்கள் இம்முறைக்கு மாறியிருந்தன.

குறையே இல்லையா என்றால், இருந்தது. இரண்டாவது வால்வு ஒரு சிறு கணம் முந்தி விழித்தாலும் பிந்தி விழித்தாலும் அலையின் சாயல் கெடும், பாட்டு கரகரக்கும். இதற்கு மருந்தும் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஹரால்டு பிளாக் 1927-இல் கண்ட எதிர்ப் பின்னூட்டம்தான் அது. வெளிவரும் அலையில் சிறிது எடுத்து உள்வரும் அலையோடு எதிராகச் சேர்த்தால், பிழை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்த மருந்தோடு சேர்த்தே டோஹர்ட்டி முறை பயன்பட்டது.

பின்னர் வால்வுகள் போய் டிரான்சிஸ்டர்கள் வந்தன. மின்வழங்கியை மின்னல் வேகத்தில் இயக்கி நிறுத்தும் புதிய பண்பேற்ற முறைகள் வந்தன. வானொலி நிலையங்களில் டோஹர்ட்டி முறைக்கு இருந்த மவுசு குறைந்தது. முதல் தலைமுறைக் கைபேசிகளும் அதைத் தேடவில்லை. அவற்றில் பண்பேற்றப்பட்டது அதிர்வெண். வீச்சு மாறவே மாறாது. இரண்டாம் தலைமுறையின் ஜி.எஸ்.எம். முறையிலும் வீச்சு நிலையானது. மாறாத வீச்சுக்கு முரட்டுப் பெருக்கியே போதும்.

நூறு மேளங்கள்

நிலைமையைப் புரட்டியது நம் ஆசைதான். கைபேசியில் பேசினால் மட்டும் போதாது. படம் வேண்டும், திரைப்படம் வேண்டும். அதே அலைவரிசைக்குள் பல மடங்கு செய்தியை அடைக்க வேண்டுமானால், வீச்சையும் கட்டத்தையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும். நான்காம், ஐந்தாம் தலைமுறை முறைகளில் நூற்றுக்கணக்கான சிறு ஊர்தி அலைகளை அடுத்தடுத்து அடுக்கி ஒரே பெருக்கி வழியாக அனுப்புகிறார்கள்.

திருவிழாவில் நூறு மேளக்காரர்கள் ஆளுக்கொரு தாளம் அடிக்கிறார்கள் என்று நினையுங்கள். மொத்தச் சத்தம் ஓரளவில் இருக்கும். ஆனால் எப்போதோ ஒரு கணம் நூறு அடியும் ஒன்றாக விழும், செவி அதிரும். அலைகளும் அப்படித்தான். சராசரித் திறனைப் போல் ஆறேழு மடங்கு, சில வேளை பத்து மடங்கு உச்சம் எழும். அந்த ஒரு கணத்துக்காகப் பெருக்கி பெரிதாக இருக்கவேண்டும். மற்ற நேரமெல்லாம் தாழ்ந்த வீச்சில் வெந்துகொண்டிருக்கவேண்டும். பழைய நோய் முன்னைவிட முற்றித் திரும்பிவிட்டது.

கைபேசிக் கோபுரத்தில் இது சிறு விஷயமன்று. பெருக்கி வீணடிக்கும் மின்சாரத்துக்கு ஒரு கட்டணம். அந்த வெப்பத்தை வெளியேற்ற இன்னொரு கட்டணம். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் கோபுரத்தடியில் டீசல் ஜெனரேட்டர் உறுமுவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். அது எரிக்கும் டீசலிலும் ஒரு பகுதி வானத்தைச் சூடாக்கத்தான் போகிறது.

எனவே 2000-ஆம் ஆண்டை அடுத்து, பொறியியலார் டோஹர்ட்டியின் கட்டுரைக்குத் திரும்பினார்கள். வால்வின் இடத்தில் சிலிக்கான் டிரான்சிஸ்டர். அண்மைக் காலத்தில் கேலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர். 75 மீட்டர்க் கம்பியின் இடத்தில் அச்சுச் சுற்றுப் பலகையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்ச் செப்புப் பட்டை. 2100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே 14 சென்டிமீட்டர்தான். பலகைப் பொருளுக்குள் அது இன்னும் சுருங்கும். உச்சம் நான்கு மடங்கையும் தாண்டுவதால் இரண்டாவது டிரான்சிஸ்டரை முதலாவதைவிடப் பெரிதாக அமைப்பதும் உண்டு. அதை இரு மடங்காக்கினால், முதல் டிரான்சிஸ்டர் மொத்த வீச்சின் மூன்றில் ஒரு பங்கிலேயே தன் முழு மின்னழுத்தத்தை எட்டிவிடும். இன்று உலகெங்கும் கோபுரப் பெருக்கிகளில் பெரும்பாலானவை டோஹர்ட்டி வகையைச் சேர்ந்தவைதாம்.

சாயல் கெடும் குறை என்ன ஆயிற்று? இன்றைய மருந்து கணிப்பொறியிடம் இருக்கிறது. தன் கவண் இடப்பக்கம் இழுக்கும் என்று அறிந்த பையன், வேண்டுமென்றே வலப்பக்கம் குறிவைப்பான் அல்லவா? அதுபோல, பெருக்கி எப்படிக் கோணலாக்கும் என்று கணித்து, அதற்கு எதிரான கோணலை முன்கூட்டியே அலையில் புகுத்திவிடுகிறார்கள். பெருக்கியிலிருந்து வெளிவரும் அலையைக் கணிப்புச் சில்லு இடையிடையே சுவைத்துப் பார்க்கிறது. வெயில் ஏறினால், பொருள் பழசானால், கோணலும் மாறும். அதற்கேற்பத் திருத்தத்தையும் அதுவே மாற்றிக்கொள்கிறது. சூழலறிந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் பெருக்கி என்று இதைச் சொல்லலாம். என் கருத்தில், இந்தத் துணை இல்லாமல் டோஹர்ட்டியின் மறுபிறப்பு நடந்திருக்காது.

கைபேசிக்குள்?

கைபேசிக்கு டோஹர்ட்டி முறை அவ்வளவாகப் பொருந்துவதில்லை. கால் அலைநீளம் என்பது ஒரே அதிர்வெண்ணுக்கு உரியது. கைபேசியோ பல அதிர்வெண்களில் பேச வேண்டும். மேலும் நீங்கள் கைபேசியை இறுகப் பிடித்தாலே அதன் ஆன்டெனாவின் மின்தடை மாறிவிடுகிறது. நாம் போட்ட 400 கணக்கு தப்பிவிடும்.

அங்கே வேறு உத்தி. மதகில் விழும் மின்னழுத்தம்தானே வெப்பமாகிறது? 20 வோல்ட் வேண்டும்போது வழங்கியே 20 வோல்ட்டுக்குச் சற்று மேல் கொடுத்தால் போதுமே! அலையின் வீச்சு ஏறி இறங்குவதைத் தொடர்ந்து பின்பற்றி, வழங்கியின் மின்னழுத்தத்தையும் ஏற்றி இறக்குவதே இம்முறை. இதன் மூதாதை என்று 1952-இல் லியோனார்ட் கான் வெளியிட்ட ஒரு வழிமுறையைச் சொல்லலாம். கைபேசியில் இதைச் செய்வது எளிதாக இல்லை. வீச்சு நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மாறுகிறது. வழங்கியும் அதே வேகத்தில் ஆடவேண்டும். ஆடும் வழங்கி தானே மின்சாரத்தை விழுங்கக்கூடாது. வழங்கியின் பயனுறுதிறன் 80 விழுக்காடு, பெருக்கியின் பயனுறுதிறன் 60 விழுக்காடு என்றால் மொத்தம் 48 விழுக்காடுதான். இரண்டையும் பெருக்க வேண்டுமே தவிர, கூட்டக் கூடாது. இதைச் சமாளித்த கைபேசிகள் 2013-இல் கடைக்கு வந்தன.

ஐந்தாம் தலைமுறைக் கோபுரங்களில் ஒரே பெட்டிக்குள் 64 சிறு பெருக்கிகள் வரை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்டெனாப் பகுதி கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் சில வாட்தான். ஆனால் 64 அடுப்புகள் ஒரே பெட்டிக்குள். அடுத்த முறை ஒரு கோபுரத்தைக் கடக்கும்போது அண்ணாந்து, ஆன்டெனாக்களின் அருகே உள்ள பெட்டிகளின் பின்புறத்தைக் கவனியுங்கள். சீப்பின் பற்களைப் போல் உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். அலையாக மாற மறுத்த மின்சாரம் காற்றில் கலக்கும் வாசல் அது. அந்தத் தகடுகள் எவ்வளவு பெரியவை என்பதைக் கொண்டே உள்ளே இருக்கும் பெருக்கி எவ்வளவு வீணடிக்கிறது என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.